டூருக்கு முன்னாடி கிடைச்ச நாலு ராத்திரி: ஜப்பான்ல எங்க தங்கறது?

மதுரைல இருந்து ஒரு ரிட்டயர்டு டீச்சர் எழுதியிருக்காங்க. நவம்பர் நடுவுல அவங்களும் வீட்டுக்காரரும் குரூப் டூர்ல ஜப்பான் போறாங்க. 8 நாள் டூர், டோக்கியோல ஆரம்பிச்சு ஃபூஜி, ஹக்கோனே, கியோட்டோ, ஹிரோஷிமா போய் ஒசாகால முடியுது. இவ்வளவு தூரம் போறோம், நாலு ராத்திரி முன்னாடியே போயிடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க, ஆனா அந்த நாலு ராத்திரி எங்க தங்கறதுன்னு வீட்ல ஒரே விவாதமாம். பையன் நேரா கியோட்டோ போங்கன்னு சொல்றார், கூட வேலை பார்த்த டீச்சர் ஹொக்கைடோ பாக்காம வராதீங்கன்னு சொல்றாங்க, ஏஜென்ட் போற வழில சியோல்ல இறங்கிக்கலாம்னு சொல்றாராம். ரெண்டு பேரும் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. சாருக்கு 66 வயசு, முட்டி வலி இருக்கு. லெட்டர் முடிச்சு கையெழுத்து போட்டப்புறம் கீழ ஒரு வரி சேர்த்திருக்காங்க: "எங்க அப்பா பர்மால ஐஎன்ஏல இருந்தவர், டோக்கியோல நேதாஜி அஸ்தி வச்சிருக்கற கோயில் ஒண்ணு இருக்குன்னு சொல்லிட்டே இருப்பார், அது டூர்ல வராதாம்."

அம்மா, முடிவை மொதல்ல சொல்லிடறேன், காரணம் அப்புறம். மூணு ராத்திரி டோக்கியோல அசாகுசா பக்கம் தங்குங்க, நடுவுல ஒரு ராத்திரி நிக்கோங்கற மலை அடிவார ஊர்ல. கியோட்டோ இப்ப வேண்டாம், ஹொக்கைடோ இந்தத் தடவை வேண்டாம், சியோல் வேண்டவே வேண்டாம். அப்பா சொன்ன கோயிலுக்கு ஒரு முழு காலைப் பொழுதை ஒதுக்கி வைங்க, வேற எது விட்டுப் போனாலும் அது விட்டுப் போகக்கூடாது.

டூருக்கு முன்னாடி வர்ற நாளும் டூர் முடிஞ்சு வர்ற நாளும் ஒண்ணு கிடையாது, இதை நிறைய பேர் யோசிக்கறதில்ல. டூர் முடிஞ்சு தங்குனா உடம்பு அந்த ஊருக்கு பழகிருக்கும், ரயில் ஏறி இறங்கற பயம் போயிருக்கும், ஏதாவது லேட்டானாலும் உங்க ஃப்ளைட்டை பிடிச்சா போதும். முன்னாடி தங்கும்போது எல்லாமே புதுசு, ராத்திரி முழுக்க ஃப்ளைட்ல உக்காந்து வந்திருப்பீங்க, அதுக்கும் மேல ஒரு தேதி உங்களுக்காக காத்திருக்கு, அன்னைக்கு குரூப்போட சேர்ந்தே ஆகணும். முப்பது நாப்பது பேர் உக்காந்திருக்கற பஸ் ரெண்டு பேருக்காக நிக்காது, அடுத்த ஊர்ல வந்து சேர்ந்துக்கோங்கன்னு டூர் மேனேஜர் சொல்லிட்டா அந்த டிக்கெட் செலவு உங்க கைல இருந்துதான். அதனால முன்னாடி நாளுக்கு நான் எப்பவும் பாக்கறது ஒண்ணு, டூர் தொடங்கற ஊர்ல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள இருக்கணும், கடைசி ராத்திரி கண்டிப்பா அந்த ஊர்லயே இருக்கணும்.

இன்னொண்ணு தூக்கம். ஜப்பான் நம்மள விட மூணரை மணி நேரம் முன்னாடி, கேட்டா சின்ன வித்தியாசம் மாதிரிதான் தெரியும். ஆனா டூர்ல காலைல ஏழு மணிக்கு பிரேக்ஃபாஸ்ட்னு சொன்னா உங்க உடம்புக்கு அது விடிகாலை மூணரை மணி. மொத ரெண்டு நாள் பஸ்ல பாதி பேர் தூங்கிட்டே வருவாங்க, ஜன்னல் பக்கம் ஃபூஜி தெரியுதுன்னு மைக்ல சொன்னாலும் கண்ணு திறக்காது, ஒவ்வொரு குரூப்லயும் நான் இதைப் பாக்கறேன், பாவமா இருக்கும். நாலு நாள் முன்னாடி போறவங்களுக்கு கிடைக்கற பெரிய லாபமே இதுதான், குரூப் வந்து சேரும்போது உங்க உடம்பு டோக்கியோ நேரத்துக்கு வந்திருக்கும். அந்த நாலு நாளையும் ஊர் ஊரா அலைஞ்சு தீர்த்துட்டா இந்த லாபமும் போயிடும்.

இப்ப ஒவ்வொருத்தர் சொன்னதுக்கும் வர்றேன். சியோல் பத்தி அதிகம் பேச ஒண்ணும் இல்ல, இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு கொரியாவுக்கு தனி வீசா வேணும், தனி ஃபீஸ், தனி பேப்பர், ரெண்டு நாளுக்காக அவ்வளவு பாடு பட வேண்டாம். ஹொக்கைடோ ரொம்ப அழகான இடம், உங்க ஃப்ரெண்டு சொன்னதுல தப்பே இல்ல, ஆனா அவங்க அநேகமா ஜூலைலயோ ஃபிப்ரவரிலயோ போயிருப்பாங்க. நவம்பர் நடுவுல அங்க சப்போரோ ஊர்ல இலையெல்லாம் கொட்டியிருக்கும், பனியும் சரியா விழுந்து நின்னிருக்காது, ரெண்டும் இல்லாத ஒரு இடைக்காலம் அது. டோக்கியோல இருந்து ஃப்ளைட்ல ஒன்றரை மணி நேரம், ஏர்போர்ட் போக வர சேர்த்தா போறதுக்கு அரை நாள், திரும்பறதுக்கு அரை நாள்.

கியோட்டோதான் யோசிக்க வேண்டிய கேள்வி, உங்க பையன் சொல்றதுல நியாயம் இருக்கு. டூர்ல கியோட்டோவுக்கு ரெண்டே ராத்திரிதான் போட்டிருக்காங்க, அந்த ஊருக்கு அது பத்தாது. ஆனா டோக்கியோல இறங்கி, புல்லட் ட்ரெயின்ல ரெண்டே கால் மணி நேரம் கியோட்டோ போய், திரும்ப அதே வழில டோக்கியோ வந்து, மறுபடியும் குரூப்போட அதே லைன்ல கியோட்டோ போறது என்ன கணக்கு? ஒரு ஆளுக்கு ஒரு வழிக்கே கிட்டத்தட்ட 14,000 யென் ஆகும், ரெண்டு பேர் போக வர போட்டுப் பாருங்க. வெளிநாட்டுக்காரங்க ஜப்பான் ரயில்ல எத்தனை தடவை வேணாலும் போகற ஜேஆர் பாஸ் வாங்கிக்கலாம்னு யாராவது சொல்வாங்க, 2023 அக்டோபர்ல விலையை ஏத்தி 7 நாள் பாஸ் 50,000 யென் ஆக்கிட்டாங்க, உங்க பயணத்துக்கு அது கட்டாது. கியோட்டோ மேல உங்களுக்கு நிஜமாவே தீராத ஆசை இருந்தா நாலு நாளையும் டூருக்கு முன்னாடி வைக்காம பின்னாடி தள்ளிடுங்க. டூர் ஒசாகால முடியுது, அங்க இருந்து கியோட்டோ சாதாரண ரயில்ல அரை மணி நேரம், திரும்பி வர கன்சாய் ஏர்போர்ட் இருக்கு. நவம்பர் கடைசில கியோட்டோல இலை சிவந்து உச்சத்துல இருக்கும், பார்க்க ரொம்ப அருமையா இருக்கும், கூட்டமும் ரூம் வாடகையும் அதே அளவு உச்சத்துல இருக்கும், அதையும் சேர்த்தே யோசிங்க. ஆனா உங்க லெட்டரைப் படிச்ச வரைக்கும் கியோட்டோ ஆசை பையனோடது மாதிரிதான் தெரியுது. உங்க மனசு அந்தக் கடைசி வரிலதான் இருக்கு.

நீங்க அனுப்புன ஐட்டினரரியை எடுத்து இன்னொரு தடவை படிங்க, ஆனா இடத்தோட பேரை விட்டுட்டு பக்கத்துல என்ன வார்த்தை போட்டிருக்காங்கன்னு மட்டும் பாருங்க. விசிட்னு இருந்தா உள்ள போவீங்க. ஃபோட்டோ ஸ்டாப்னு இருந்தா பஸ்ஸை விட்டு இறங்கி பத்து பதினஞ்சு நிமிஷம். டிரைவ் பாஸ்ட், பனோரமிக்னு இருந்தா ஜன்னல் வழியா பாத்துக்கணும், பஸ் நிக்காது. உங்க டூர்ல டோக்கியோவுக்கு ஒரே ஒரு முழு நாள், அதுல அசாகுசா கோயில் விசிட், ஸ்கைட்ரீ டவர் விசிட், அரண்மனை ஃபோட்டோ ஸ்டாப், ஷிபுயா கிராசிங் கொஞ்ச நேரம். இதையெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க, ஸ்கைட்ரீக்கு நீங்க தனியா டிக்கெட் வாங்கி காசை வீணாக்காதீங்க. பஸ் போகாத இடமும், பஸ் அவசரப்படுத்தற இடமும்தான் உங்களோட நாலு நாளுக்கு.

பஸ் போகாத இடத்துல மொதல்ல ரென்கோஜி, அப்பா சொன்ன கோயில் அதுதான். டோக்கியோல சுகினாமிங்கற வார்டுல, வீடுகளுக்கு நடுவுல இருக்கற ஒரு சின்ன புத்தர் கோயில். 1945 ஆகஸ்ட் 18ல தைவான்ல விமான விபத்துன்னு சொல்றாங்க இல்லையா, அதுக்கப்புறம் நேதாஜியோடதுன்னு சொல்லப்படற அஸ்தியை அந்த செப்டம்பர்ல இங்கதான் கொண்டு வந்து ஒப்படைச்சாங்க. அது அவரோடதுதானான்னு நம்ம ஊர்ல இன்னமும் சர்ச்சை ஓயல, விசாரணைக் கமிஷனெல்லாம் போட்டாச்சு, அதுக்குள்ள நான் போகல. ஆனா அந்தக் கோயில்காரங்க இத்தனை வருஷமா அதை பத்திரமா வச்சு பூஜை பண்ணிட்டு வர்றாங்க. நேரு 1957ல அங்க போயிருக்கார், வாஜ்பாய் 2001ல போயிருக்கார், அவங்க எழுதினதை முற்றத்துல பொறிச்சு வச்சிருக்காங்க, பக்கத்துல நேதாஜி மார்பளவு சிலை. அஸ்தி இருக்கற உள் சன்னதியை எப்பவும் திறந்து வைக்க மாட்டாங்க, ஆகஸ்ட் 18 நினைவு நாள்ல வழிபாடு நடக்கும், மத்த நாள்ல முற்றம் வரைக்கும் போய் சிலைக்கு முன்னாடி நின்னுட்டு வரலாம்னு நினைச்சுட்டுப் போங்க. போறதுக்கு முந்தின நாள் ஹோட்டல் ரிசப்ஷன்ல சொல்லி ஒரு ஃபோன் போடச் சொல்லுங்க, ஜப்பான்ல இதுக்கெல்லாம் அலுத்துக்காம பண்ணித் தருவாங்க. அப்பாவோட பழைய ஃபோட்டோவோ, ஐஎன்ஏ பென்ஷன் பேப்பரோ ஏதாவது இருந்தா ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க, அங்க யாராவது இருந்தா காட்டுங்க. பர்மாலயும் மலாயாலயும் ஐஎன்ஏல சேர்ந்தவங்கள்ல எவ்வளவு தமிழ் ஆளுங்க இருந்தாங்கன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. எந்த குரூப் டூரும் உங்களை இங்க கூட்டிட்டுப் போகாது, பஸ்ல இருக்கற மத்தவங்களுக்கு அது ஒரு தெரு ஓரக் கோயில்தான், உங்களுக்கு அப்படி இல்ல.

போற வழி சுலபம், அதனாலயும் அசாகுசால தங்கச் சொல்றேன். அசாகுசால கின்ஸா லைன் மெட்ரோ அங்கயே தொடங்குது, அதனால ஏறுனதும் சாருக்கு உக்கார இடம் கிடைக்கும். அகசகா மித்சுகேல இறங்கி, அதே பிளாட்ஃபார்ம்ல எதிர்ப்பக்கம் வர்ற மருனோஉச்சி லைன் ஏறணும், படி ஏற வேண்டியதே இல்ல. ஹிகாஷி கோயென்ஜில இறங்கி கொஞ்ச தூரம் நடந்தா கோயில். மொத்தம் ஒரு மணி நேரம்னு வச்சுக்கோங்க. எந்த ஸ்டேஷனா இருந்தாலும் வெளிய வரும்போது லிஃப்ட் படம் போட்ட எக்ஸிட் எதுன்னு பாத்துட்டு அதுல வாங்க, கிட்ட இருக்கற எக்ஸிட்ல வந்தா நாப்பது அம்பது படி ஏற வச்சிடும். சுய்க்கா இல்லன்னா பாஸ்மோ கார்டு ஆளுக்கு ஒண்ணு வாங்கிட்டா ஒவ்வொரு தடவையும் டிக்கெட் மெஷின் முன்னாடி நிக்க வேண்டாம், மெட்ரோ, ஜேஆர், பஸ் எல்லாத்துக்கும் அதுவே போதும்.

பஸ் அவசரப்படுத்தற இடம்னா அசாகுசாவோட சென்சோஜி கோயில். குரூப் அங்க பதினொரு மணி வாக்குல போகும், கொடியைப் பிடிச்சுட்டு நிக்கற கைடு பின்னாடி கூட்டத்துல நெரிஞ்சு போய் அந்த பெரிய சிவப்பு விளக்கு முன்னாடி ஒரு ஃபோட்டோ, அவ்வளவுதான். நீங்க பக்கத்துலயே தங்கறீங்க, ராத்திரி சாப்பிட்டுட்டு ஒரு ஒம்பது மணிக்கு போங்க, உங்க உடம்புக்கு அது சாயங்காலம் அஞ்சரை, தூக்கமே வராது. கருவறை அப்ப மூடியிருக்கும், ஆனா வளாகம் திறந்தேதான் இருக்கும், கோபுரத்துக்கெல்லாம் விளக்கு போட்டிருப்பாங்க, கடைத்தெரு ஷட்டர் இறக்கியிருக்கும், அந்த ஷட்டர்ல எல்லாம் பழைய திருவிழாக் காட்சிங்க வரைஞ்சிருக்கும், பகல்ல போறவங்களுக்கு அது கண்ல படவே படாது. சாருக்கு பகல்ல நடக்க கஷ்டமா இருக்கற நாள்ல உவேனோல இருக்கற நேஷனல் மியூசியம் நல்ல இடம், மெட்ரோல ரெண்டு மூணு ஸ்டேஷன்தான், உள்ள லிஃப்ட் இருக்கு, உக்கார பெஞ்ச் இருக்கு. திங்கட்கிழமை லீவு, அதை மட்டும் பாத்துக்கோங்க.

அடுத்து நிக்கோ. டோக்கியோவுக்கு வடக்க மலை அடிவாரத்துல இருக்கற ஊர், அசாகுசால இருந்தே தொபு ரயில்வேயோட எக்ஸ்பிரஸ் கிளம்புது, ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடும், மாறவே வேண்டாம். அந்த ரயில் ஸ்டேஷனை விட்டதும் ஒரு வளைவுல திரும்பி சுமிதா ஆத்துப் பாலத்து மேல மெதுவா ஊர்ந்து போகும், போற பக்கம் 634 மீட்டர் ஸ்கைட்ரீ முழுசா தெரியும், கேமராவை கைல வச்சுக்கோங்க. எக்ஸ்பிரஸ்ல சீட் ரிசர்வ் பண்ணணும். ரெண்டு நாள் நிக்கோ பாஸ்னு வெளிநாட்டுக்காரங்களுக்கு விக்கறாங்க, அதுல சாதாரண ரயிலும் ஊருக்குள்ள பஸ்ஸும் வரும், எக்ஸ்பிரஸ் சார்ஜ் மட்டும் தனியா கட்டணும்.

அங்க பார்க்க வேண்டியது தோஷோகு. 1616ல செத்துப்போன தொக்குகவா இயெயாசுங்கற ஷோகுன், அதாவது ஜப்பானை ஆண்ட படைத் தலைவரோட சமாதிக் கோயில், அவர் பேரன் 1636ல இப்ப இருக்கற மாதிரி பெரிசா கட்டினார். ஜப்பான்ல நிறைய கோயில் நிறம் கம்மியா அமைதியா இருக்கும், இங்க அப்படியே நேர் எதிர், தங்கமும் சிற்பமும் கண் கொள்ளாது, யோமெய்மோன்ங்கற வாசல்ல மட்டும் 500க்கு மேல சிற்பம். கண்ணு காது வாய் பொத்துன மூணு குரங்கு உலகம் முழுக்க பொம்மையா விக்குதே, அந்தச் சிற்பம் இங்க குதிரை லாயத்து மேலதான் இருக்கு. எல்லாரும் அதுக்குக் கீழ நின்னு ஃபோட்டோ எடுப்பாங்க. நீங்க அப்படியே திரும்பி கிட்ட இருக்கற பண்டசாலையோட முகப்பை மேல பாருங்க, ரெண்டு யானை இருக்கும். அதுக்குப் படம் வரைஞ்சு கொடுத்த கானோ தன்யூ பெரிய ஓவியர், ஆனா யானையை நேர்ல பார்த்ததே இல்ல, கேள்விப்பட்டதை வச்சு வரைஞ்சிருக்கார். காதும் வாலும் ஏதோ ஒரு மாதிரி இருக்கும், ஆனா மத்தகத்துல ஒரு கம்பீரம் வந்திருக்கும். மீனாட்சி கோயில் யானையை பார்த்து வளர்ந்தவங்க நீங்க, அந்த ரெண்டு யானைக்குக் கீழ கொஞ்ச நேரம் நின்னு பாருங்க, அந்த மனுஷன் எதை சரியா பிடிச்சார் எதை விட்டார்னு உங்களுக்குத்தான் தெரியும்.

நவம்பர் முதல் பாதில இந்தக் கோயில் பக்கத்துல இலை நிறம் மாறி நல்லா இருக்கும், அதனாலதான் உங்க தேதிக்கு நிக்கோ அமையுது. ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாம்தான், நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க, ஆனா நவம்பர்ல இருந்து தோஷோகு நாலு மணிக்கு மூடிடும், மூணரைக்கு மேல உள்ள விட மாட்டாங்க, நாலரைக்கெல்லாம் இருட்டிடும். காலைல அடிச்சுப் பிடிச்சு ரயில் ஏறி, சாரை வேகமா நடக்க வச்சு, திரும்ப ஓடி வர்றதுக்கு பதிலா ஒரு ராத்திரி தங்கிடுங்க. பெரிய பெட்டியை அசாகுசா ஹோட்டல்லயே விட்டுட்டு போங்க, திரும்ப அங்கயே வர்றீங்கன்னா வச்சுக்குவாங்க, ஆனா முன்னாடியே கேட்டுடுங்க. ஒரு ராத்திரிக்கான சின்ன பை மட்டும் எடுத்துட்டு போனா போதும், குளிருக்கு கெட்டியான ஜாக்கெட் வேணும், மலைக்காத்து. அங்க வெந்நீர் ஊற்று இருக்கற தங்கும் இடங்கள் நிறைய, முட்டி வலிக்கு அந்த சுடுதண்ணி ரொம்ப இதமா இருக்கும், ஆண் பெண் தனித்தனி குளியல்தான், ஆனா துணி இல்லாம மத்தவங்களோட சேர்ந்து குளிக்கணும், நம்மாளுங்களுக்கு அது கூச்சமா இருக்கும். தனியா பூட்டிக்கிட்டு குளிக்கற மாதிரி கஷிகிரின்னு ஒரு ஏற்பாடு சில இடத்துல உண்டு, அது இருக்கற இடமா பாத்து போடுங்க.

முட்டி விஷயத்துல உண்மையைச் சொல்லிடணும். தோஷோகுல கல் படி இருக்கு, ஜல்லி போட்ட தரை, படிங்க ஒவ்வொண்ணும் ஒரு உயரம். இயெயாசு சமாதிக்குப் போக தனியா 200 படிக்கு மேல ஏறணும், அது சார் போக வேண்டாம், நீங்க போயிட்டு வர்ற வரைக்கும் அவர் கீழ உக்காந்திருக்கலாம். மீதியை மெதுவா பாத்துடலாம். ஒரு அளவு சொல்றேன், திருப்பரங்குன்றம் கோயில்ல மூலஸ்தானம் வரைக்கும் ஏறி இறங்கிட்டு மறுநாள் காலைல முட்டி வீங்காம இருக்குதுன்னா நிக்கோ போகலாம். வீங்குதுன்னா கமகுராவுக்கு மாத்திடுங்க, வருத்தப்பட ஒண்ணும் இல்ல. கமகுராவுக்கு தங்கக்கூட வேண்டாம், ஷிம்பாஷில யோகொசுகா லைன் ஏறுனா ஒரு மணி நேரம். அங்க 13ம் நூற்றாண்டுல வார்த்த வெண்கல புத்தர், 11 மீட்டருக்கு மேல உயரம், முன்னாடி மேல மண்டபம் இருந்து போயிடுச்சு, இப்ப திறந்த வெளில உக்காந்திருக்கார், பக்கத்துல போறதுக்கு பெரிய படி எதுவும் கிடையாது. சனி ஞாயிறு மட்டும் போகாதீங்க, அந்த ஊர் குட்டி ரயில்ல நிக்கக்கூட இடம் இருக்காது. நிக்கோ, கமகுரா ரெண்டையும் சேர்த்துக்கலாமான்னு கேட்டா வேண்டாம்னுதான் சொல்வேன், ஒண்ணு போதும்.

சாப்பாடுதான் அடுத்து. டூர்ல இருக்கும்போது இந்தியன் டின்னர் போடுவாங்க, முன்னாடி நாலு நாளும் நீங்கதான் பாத்துக்கணும். ஜப்பான்ல கண்ணுக்குத் தெரியற மீனை விட தெரியாத மீன்தான் பிரச்சனை. தாஷின்னு ஒரு சாறு, காய்ஞ்ச மீனைச் சீவிப் போட்டு எடுக்கறது, தூத்துக்குடி பக்கம் மாசிக் கருவாடுன்னு சொல்றோமே அதே சூரை மீன்தான். சூப்பு, நூடுல்ஸ், காய்கறி கூட்டு, டெம்புராங்கற பஜ்ஜிக்கு தொட்டுக்கற சாஸ் எல்லாத்துலயும் அது இருக்கும், வெஜிடேரியன்னு சொல்லி கேட்டா மேல மீன் போடாம கொண்டு வந்து வச்சிட்டு சைவம்னு நினைச்சுக்குவாங்க, அவங்க ஏமாத்தல, அவங்களுக்கு சாறு கணக்குல வராது. அதனால கறி, மீன், முட்டை, தாஷி நாலும் வேண்டாம்னு ஜப்பான் எழுத்துலயே ஒரு அட்டை பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க. நிக்கோல யூபான்னு பால் ஆடை மாதிரி சோயா பால்ல எடுக்கற ஒரு ஐட்டம் பேர் போனது, சைவம்தான், ஆனா அதையும் அந்த சாறுலதான் வேக வைப்பாங்க, அட்டையைக் காட்டி கேட்டுட்டு சாப்பிடுங்க. தங்கற இடத்துல ராத்திரி சாப்பாடு சேர்த்து புக் பண்றதா இருந்தா புக் பண்ணும்போதே எழுதிடணும், போய் நின்னு சொன்னா சமையல்காரர் ஒண்ணும் பண்ண முடியாது.

வீட்ல இருந்து இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துட்டுப் போங்க. தெருவுக்குத் தெரு இருக்கற செவன் இலெவன், லாசன் கடைகள்ல வெறும் வெள்ளைச் சோறு பாக்கெட்ல விக்கும், கேட்டா சூடு பண்ணியும் தருவாங்க, தயிரும் கிடைக்கும். அந்தச் சோறு கொஞ்சம் ஒட்டும், புளிக்காய்ச்சலுக்கு பரவாயில்ல. ஆனா கறிவேப்பிலை, எலுமிச்சம்பழம், வாழைப்பழம் மாதிரி பச்சையா எதையும் பைல வைக்காதீங்க, ஏர்போர்ட்ல தாவர சோதனைன்னு பிடிச்சு வச்சுக்குவாங்க, காய் பழம் எடுத்துட்டுப் போக அரசாங்க சர்டிஃபிகேட் வேணும். சூடா நம்ம சாப்பாடு வேணும்னு ஒரு நாள் தோணுனா நிஷி கசாய்ங்கற ஏரியாவுக்குப் போங்க, ஐடி வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்க நிறைய இருக்கற இடம், மளிகைக் கடை, ஹோட்டல் எல்லாம் இருக்கு, அசாகுசால இருந்து நிஹொம்பாஷில ஒரே ஒரு மாறுதல். செவன் இலெவன் ஏடிஎம்ல நம்ம கார்டுக்கு யென் எடுக்கலாம், சின்னக் கடைகளுக்கு கைல கேஷ் வேணும்.

இப்ப டூரோட சேர்ற இடம், இதை சரியா பண்ணலன்னா மேல சொன்னது எதுவும் நடக்காது. கம்பெனியை இந்த வாரமே கூப்பிட்டு உங்க டூரை ஜாயினிங் லீவிங்கா எடுக்க முடியுமா, விலை எவ்வளவு குறையும்னு கேளுங்க, அதாவது ஃப்ளைட் இல்லாம அங்க போய் சேர்ந்துக்கற மாதிரி. இல்லன்னா குரூப் டிக்கெட்டையே டீவியேஷன் போட்டு போற தேதியை மட்டும் முன்னாடி தள்ள முடியுமான்னு கேளுங்க. எது பண்றதா இருந்தாலும் டிக்கெட் போடறதுக்கு முன்னாடி பண்ணணும். குரூப் டிக்கெட் கைல இருக்கட்டும், போறதுக்கு மட்டும் தனியா ஒரு டிக்கெட் எடுத்து முன்னாடி போயிடலாம், வரும்போது குரூப் டிக்கெட்ல வந்துக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. போற ஃப்ளைட்ல நீங்க ஏறலன்னா நோ ஷோன்னு போட்டு வர்ற டிக்கெட்டையும் சேர்த்து கேன்சல் பண்ணிடுவாங்க, அங்க மாட்டிக்குவீங்க.

டோக்கியோல எந்த ஹோட்டல்னு இப்பவே கேளுங்க, பேர் சொல்லலன்னாலும் எந்த ஏரியான்னு கேளுங்க. குரூப்புக்கு பல சமயம் ஊருக்கு வெளிய, மகுஹாரிலயோ நரிட்டா ஏர்போர்ட் பக்கத்துலயோதான் ரூம் போடுவாங்க, அசாகுசால இருந்து பெட்டியோட ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். முந்தின நாள் அசாகுசா ஹோட்டல் ரிசப்ஷன்ல பெட்டியைக் கொடுத்து தக்கியூபின்ங்கற பெட்டி கூரியர்ல அனுப்பச் சொன்னா அடுத்த நாள் அந்த ஹோட்டல்ல இருக்கும், ஒரு பெட்டிக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் யென் ஆகும், சார் முட்டிக்கு அது நல்ல செலவு. ஒரு சிக்கல், அந்த ரூம் டூர் கம்பெனி பேர்ல இருக்கும், உங்க பேர்ல இருக்காது, அதனால பெட்டி வருதுன்னு டூர் மேனேஜர் மூலமா அந்த ஹோட்டலுக்கு முன்னாடியே சொல்லி வைக்கணும். மருந்து, பாஸ்போர்ட், ஒரு செட் துணி உங்க கைலயே இருக்கட்டும்.

வீசாவுக்கு கம்பெனிதான் பேப்பர் போடும், அதுல எந்த நாள் எந்த ஊர்ல எந்த ஹோட்டல்னு நாள் வாரியா ஒரு அட்டவணை கொடுக்கணும், அவங்க டூர் நாளை மட்டும் போட்டு அனுப்பிட்டா உங்க டிக்கெட் தேதியோட ஒத்துப் போகாது. நாலு ராத்திரி ஹோட்டல் விவரத்தையும் அவங்க கைல கொடுத்து சேர்க்கச் சொல்லுங்க. இன்சூரன்ஸும் அதே மாதிரி, டூர்ல சேர்த்துக் கொடுக்கறது டூர் நாளுக்கு மட்டும்தான் இருக்கும், கிளம்பற நாள்ல இருந்து பிடிக்கற மாதிரி நீட்டி வாங்குங்க, சாரோட வயசையும் முட்டியையும் மறைக்காம எழுதுங்க. நாலு ராத்திரி ஹோட்டலும் ஃப்ரீ கேன்சலேஷன் இருக்கறதா பாத்துப் போடுங்க, நிக்கோவா கமகுராவாங்கறதை அவர் திருப்பரங்குன்றம் போயிட்டு வந்து மறுநாள் காலைல எப்படி நடக்கறார்னு பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம், ஆனா வீசாவுக்கு பேப்பர் போறதுக்கு முன்னாடி பண்ணிடுங்க.